திரீ ஃபேஸ் மோட்டாரும் பதினெட்டு நாற்காலிகளும்

1. பிளக் இல்லாத வயர்

பழைய மெஷின் வாங்கிக் குஷன் வேலை தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து, எந்த பிராண்ட் நல்லது என்று கேட்கிறார்கள். நான் பிராண்டில் தொடங்குவதில்லை. "உங்க வீட்டுக் கரண்ட் சிங்கிள் ஃபேஸா, திரீ ஃபேஸா?" என்று கேட்கிறேன். பாதிப்பேர் விழிப்பார்கள். நானும் அப்படி விழித்தவள்தான், கிள்ளானில் என் சொந்த வீட்டு போர்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு சோபா ஃபேக்டரியில் தையல் ஆபரேட்டராக இருந்தேன். என் இடம் பதினாலாம் நம்பர் மெஷின். கம்பெனி தெற்கே மாறிப் போனபோது, பழைய மெஷின்களை வேலைக்காரர்களே குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. பதினாலைக் கேட்டேன். அதன் பெடல் என் கால் அறிந்தது. அதன் ஊசித்தட்டில் எந்த இடத்தில் துணி லேசாக இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை வேறொருத்தி எடுத்துப் போக விடுவதாக இல்லை.

லோரியிலிருந்து நான்கு ஆட்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோத்து, வயரைக் கையில் எடுத்தபோதுதான் அதில் பிளக் இல்லை என்று பார்த்தேன். நான்கு கம்பிகள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. பின்வரிசை வீட்டில் இருக்கும் வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார்.

"அக்கா, இது திரீ ஃபேஸ் மோட்டார். நானூத்திப் பதினஞ்சு வோல்ட். உங்க வீட்டுல ஓடாது."

"ஃபேக்டரியில ஓடுச்சே."

"ஃபேக்டரி கரண்ட் வேற லா. வீட்டுக்கு வர்றது இருநூத்தி நாப்பது. பிளக் மாட்டிக் குடுங்கன்னு கேக்காதீங்க, மாட்ட மாட்டேன்."

மோட்டாரில் அந்தத் தகடு பதினேழு வருடமும் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் படித்ததில்லை.

மெஷின் ஓடாதது மட்டும் என்றால் மெதுவாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்குள் ஒரு வேலையை ஒத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் குடியிருக்கும் சாந்தி, ஒரு டயாலிசிஸ் சென்டரில் மிஸியாக, அதாவது நர்ஸாக, இருக்கிறாள். அங்கே பதினெட்டு சாய்வு நாற்காலிகள். எல்லாவற்றிலும் பிவிசி லெதர் வெடித்துப்போயிருந்தது. வெடிப்புக்குள் ரத்தமும் அழுக்கும் இறங்கினால் துடைக்க முடியாது, நோயாளிகளுக்குத் தொற்று வந்துவிடும். இரண்டு குஷன் கடைகளைக் கேட்டிருக்கிறார்கள். நாற்காலிகளை இரண்டு வாரம் கடையில் விட வேண்டும் என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் நோயாளிகள் வரும் இடத்தில் நாற்காலியை எப்படி விட முடியும்? சென்டர் மூடியிருப்பது ஞாயிறு மட்டும்தான்.

நான் சாந்தியிடம், "உறையெல்லாம் முன்னாடியே வீட்டுல தச்சு வெச்சிர்றேன். ஞாயித்துக்கிழமை வந்து ஆறு ஆறா மாட்டிக் குடுக்குறேன். மூணு ஞாயிறுல முடிஞ்சிரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மூலையில் உடைந்து கிடந்த ஒரு நாற்காலியை மாதிரிக்கு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். முதல் ஞாயிற்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மோட்டாரை மாற்ற எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன்தான். அவனிடம் போய் நிற்பதற்கு எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

2. கூப்பிட்டால் திரும்பாதவன்

குணா எங்கள் ஃபேக்டரி மெக்கானிக். கம்போங் மேடான்காரன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அறுபத்தெட்டு மெஷினுக்கு அவன் ஒருவன்தான். ஊசி ஒடிந்தால், போபினில் அடிநூல் சிக்கினால், நாங்கள் கையைத் தூக்கிக் கூப்பிடுவோம். மற்றவர்கள் கூப்பிட்டால் போவான். என் வரிசை அவனுடைய மேசைக்கு இடது பக்கம். நான் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவான். எழுந்து போய்த் தோளைத் தட்டினால்தான் வருவான். வந்து பார்த்துவிட்டு, ரிப்பேர் புத்தகத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிவிட்டுப் போவான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். மெக்கானிக் வேண்டுமென்றே மதிக்காமல் இருக்கிறார், உற்பத்தி கெடுகிறது என்று. அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதற்குப் பிறகு நாங்கள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

கம்பெனி மாறிய பிறகு அவன் பிரிக்ஃபீல்ட்ஸில் பிளவுஸ் தைக்கும் கடைகளுக்கு மெஷின் பார்த்துக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்தேன். ஒரு தையல்கடை வாசலில், கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மெஷினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"என்னா கா, இவ்ளோ தூரம்?"

மெஷின் வாங்கியதைச் சொன்னேன்.

"எந்த மெஷினு?"

"பதினாலு."

அவன் சிரித்துவிட்டான். "ஏன் கா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? பதினாலு துணி மெஷினு கா. நீங்க அதுல குஷன் துணிதானே தச்சீங்க. லெதர் எல்லாம் அந்தப் பக்க வரிசையில இல்ல தச்சாங்க."

"துணி தச்சா என்ன, லெதர் தச்சா என்ன? தடிச்ச ஊசி போட்டாப் போவுது. நீ மோட்டார மட்டும் மாத்திக் குடு."

அவன் கடைக்காரம்மாவிடம் ஒரு துண்டு ரெக்சின் வாங்கினான். நான்காக மடித்து, நடுவில் பைப்பிங் என்கிற, உள்ளே கயிறு வைத்த விளிம்புப் பட்டையை வைத்து, அங்கிருந்த சாதாரண மெஷினில் ஒரு முழ நீளம் ஓட்டினான். எடுத்துக் காட்டினான். அடி மடிப்பு நகர்ந்து வந்திருந்தது. மேல் மடிப்பு பின்தங்கி, சுருக்கம் விழுந்து, இரண்டு ஓரமும் விரற்கடை அளவு விலகி நின்றன.

"இதுல கீழ இருக்கிற பல்லு மட்டும்தான் சாமான இழுக்குது. மேல இருக்கிறது அப்படியே நிக்கிது. உங்களுக்கு வேண்டியது வாக்கிங் ஃபுட். அதுல பல்லு, ஊசி, காலு மூணும் சேந்து நடக்கும். எத்தன மடிப்பு வெச்சாலும் ஒண்ணா போவும். சனிக்கெழம செலாயாங் போவோம். ஒரு ஆன்டி பழைய மெஷினு விக்கிறாங்க. வெறுங்கையோட வராதீங்க. நாக்காலிக்கு என்ன லெதர் போடப் போறீங்களோ அத, அதே நூலு, அதே பைப்பிங்கு, எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

பதினேழு வருட ஆபரேட்டரிடம் ஒரு மெக்கானிக் இப்படிப் பேசியது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ரெக்சின் துண்டு என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன வாதாட முடியும்?

3. செலாயாங் ஆன்டி கடை

மொத்தச் சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவரிசையில், கீழ்த்தளம் முழுக்க மெஷின்கள். கடையை நடத்தியது அறுபது வயதுச் சீன ஆன்டி. மலாயில்தான் பேசினார். என்னைப் பார்த்ததும் நேராக முன்னால் இருந்த ஒரு மெஷினிடம் கூட்டிப்போனார். வெள்ளைப் பெயின்ட் பளபளத்தது.

"இனி சந்தேக் லா, மச்சாம் பாரு" என்றார். அழகான மெஷின், புதுசு மாதிரி என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பையைக் கீழே வைத்து ஸ்டூலை இழுத்தேன்.

குணா சுவிட்சைப் போட விடவில்லை. முதலில் பெல்ட்டைக் கழற்றினான். வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கமாக மெதுவாகச் சுற்றினான். இடது உள்ளங்கையை மெஷின் தலைமேல் விரித்து வைத்துக்கொண்டான். கண் மூடியிருந்தது. பத்துச் சுற்று சுற்றினான்.

"ஒரு எடத்துல முட்டுது. கை வெச்சுப் பாருங்க."

நான் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகத் தடுக்கியது. மெஷினைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்தான். நூலைப் பிடிக்கும் ஹூக்கின் நுனி மழுங்கி, அதில் ஒரு கீறல் இருந்தது. நூலை அறுத்துக்கொண்டே இருக்கும் என்றான். பல்லைத் தடவச் சொன்னான். கூர் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழுக்கியது. ஊசிக்கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். ஆடியது.

"பெயின்ட் மேலதான் கா அடிச்சிருக்காங்க" என்றான்.

ஆன்டி கோபிக்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே கைகாட்டினார்.

உள்ளே மூன்று மெஷின் பார்த்தோம். ஒன்றுக்கு போபின் கேஸ் இல்லை. அந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைப்பது கஷ்டம் என்று குணா நகர்ந்துவிட்டான். இன்னொன்றில் துணியை அழுத்தும் காலைத் தூக்கினால் உயரம் போதவில்லை, என் லெதரின் ஆறு மடிப்பு அடியில் நுழையவே இல்லை. மூன்றாவது பார்க்கவே சகிக்காது. பச்சைப் பெயின்ட் பாதி உதிர்ந்து இரும்பு தெரிந்தது. ஆனால் சக்கரம் சுற்றினால் தண்ணீரில் கைவிட்ட மாதிரி போனது. பல் கூராக இருந்தது. ஹூக் சுத்தம். பெரிய போபின். அடிக்கடி நிறுத்தி நூல் சுற்றத் தேவையில்லை.

"யாரோ ஒருத்தர் தெனமும் எண்ணெ விட்டு வெச்சிருந்திருக்காங்க" என்றான் குணா. "பெயின்ட்டுப் போனது கை படுற எடத்துல. அதனால ஒண்ணும் இல்ல."

அந்த மேசையில் இருந்தது கிளட்ச் மோட்டார், நல்லவேளையாக சிங்கிள் ஃபேஸ். சுவிட்சைப் போட்டதும் ஹூ என்று ஓட ஆரம்பித்தது. தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெடலை மிதித்தால் அந்த ஓட்டம் மெஷினில் சேரும். நான் என் நான்கு மடிப்பை வைத்து, நேர்த்தையல் போட்டேன். அருமையாகப் போனது. மூலையில் திருப்பும்போது ஒரே ஒரு தையல் வேண்டும், கால் கொஞ்சம் அழுந்தியதும் ஐந்து தையல் ஓடிவிட்டது. ரெக்சினில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். துணி மாதிரி பிரித்துத் தைக்க முடியாது.

குணா ஒரு சர்வோ மோட்டாரைக் கொண்டுவந்து மாற்றினான். கிளட்ச் மோட்டாரில் பாதி கனம்கூட இல்லை. வேகத்தைக் குறைத்துக்கூட்ட ஒரு திருகு. மோட்டார் பக்கம் புல்லியையும் சின்னதாகப் போட்டான். அப்போதுதான் மெதுவாகப் போகும்போது இழுக்கும் சக்தி குறையாது என்றான். சுவிட்சைப் போட்டான். ஒரு சத்தமும் இல்லை. என் கால் பெடலைத் தொட்டதும் ஊசி ஒரு தடவை இறங்கி ஏறி நின்றது. மறுபடி தொட்டேன். மறுபடி ஒன்று. பின்தையல் போட்டுப் பார்த்தேன், முன்தையலின் அதே ஓட்டைகளில் போய் இறங்கியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குணா, இதுதான். இதையே எடுத்துக்குறேன்" என்றேன்.

அவன் கீழே குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"குணா, உன்னத்தான்."

திரும்பவில்லை. ஃபேக்டரியில் வந்த அதே எரிச்சல் எனக்கு அந்த இடத்திலும் வந்தது. ஆன்டி என்னைப் பார்த்தார். தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"டியா தக் டெங்கார் லா. செபெலா கிரி."

அவனுக்கு இடது பக்கம் கேட்காது.

நான் ஸ்டூலை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி அவனுடைய வலது பக்கம் போய் நின்றேன். அவன் நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான், ஆன்டியைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

"நீங்க வேலைக்கு வந்தப்பவே கொறய ஆரம்பிச்சிருச்சு கா. அறுபத்தெட்டு கிளட்ச் மோட்டாரு. ஒரு நாளைக்கு பத்து மணி நேரம். நீங்கெல்லாம் ஒரே எடத்துல உக்காந்து தைப்பீங்க. நான் ஒவ்வொரு மெஷினா காத வெச்சுல்ல கேக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? மெஷினு சத்தத்த வெச்சுத்தான் பழுது கண்டுபுடிக்கணும். காது கேக்காத மெக்கானிக்க எந்தக் கம்பெனி வெச்சிக்கும்? அதான் கைய வெச்சுப் பாத்துப் பழகிக்கிட்டேன்."

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அந்த மெஷினை நிம்மதியாக ஓட்ட மாட்டேன் என்று தெரிந்ததால் சொன்னேன்.

"அந்த எச்சரிக்கை லெட்டர், நான் குடுத்த புகாரு குணா."

"தெரியும் கா. லெட்டர்லயே உங்க பேரு போட்டிருந்துச்சே."

"தெரிஞ்சுமா இன்னிக்கு வந்த?"

"நீங்க எழுதுனது பொய்யில்லையே. கூப்பிட்டீங்க. நான் திரும்பல. எதுக்குத் திரும்பலன்னு நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகினான். "ஆனா ஆபரேட்டர் தவறுன்னு எழுதுனது எல்லாம் உண்மதான் கா. ஊசிய நீங்க திருப்பிப் போடுவீங்க."

நான் சிரித்துவிட்டேன். கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆன்டி எங்களுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல், விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

4. கை வைக்கும் இடம்

பச்சை மெஷின் குணாவின் வேனிலேயே வீட்டுக்கு வந்தது. பதினாலுக்கும் பிறகு ஒரு சின்ன சர்வோ மோட்டார் போட்டோம். இன்றைக்கும் அதில் சோபா துணி தைக்கிறேன். லெதர் எதுவும் அதில் ஏற்றுவதில்லை.

முதல் ஞாயிறு நானும் குணாவும் ஆறு நாற்காலிகளுக்கு உறை மாட்டினோம். நான் அவனுடைய வலது பக்கமே நின்று வேலை செய்தேன். சாந்தி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "புது நாக்காலி மாதிரி இருக்கு கா" என்றாள். கைப்பிடியின் மேல் ஓரத்தில் நீலத்தில் பைப்பிங் வைத்திருந்தேன். பார்க்க எடுப்பாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மறுநாள் மதியம் சாந்தி ஃபோன் செய்தாள். "கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

போனேன். ஒரு நோயாளி அப்போதுதான் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ராமையா என்று பெயர். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை வரை, என் பைப்பிங் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது.

"தையல் நல்லாத்தான்மா இருக்கு" என்றார். "ஆனா ஊசி ஏத்துனா நாலு மணி நேரம் இந்தக் கைய அசைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் வலிக்க ஆரம்பிச்சிருச்சு. எடுக்கவும் முடியல."

நான் பழைய உறையை அளந்து, அதன் தையல் இருந்த இடத்திலேயே தைத்திருந்தேன். பழைய உறையில் பைப்பிங் தேய்ந்து தட்டையாகிப்போயிருந்தது. அதனால் யாரும் குறை சொல்லவில்லை. நான் தடித்த பைப்பிங்கைப் புதிதாக நிமிர்த்தி வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாளில் மெஷினைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, நூலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டேன். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கையை எங்கே வைப்பார் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கைப்பிடி மாதிரியைத் திரும்ப வெட்டினேன். மேல்பக்கம் முழுக்க ஒரே துண்டு, தையலே கிடையாது. எல்லா இணைப்பையும் வெளிப்பக்கத்துக்கும் அடிக்கும் தள்ளினேன். அதனால் வெளி மூலையில் ஆறு மடிப்பு ஒன்றாகச் சேர்ந்தது. வேகத்தைக் குறைந்த அளவில் வைத்து, ஒவ்வொரு தையலாக இறக்கி, அந்த மூலையைத் திருப்பினேன். பச்சை மெஷின் ஓர் இடத்தில்கூட முனகவில்லை. மாட்டியிருந்த ஆறு நாற்காலிகளுக்கும் பன்னிரண்டு கைப்பிடி, மீதிப் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு இருபத்து நாலு. சொன்ன மூன்று ஞாயிறு நான்காக நீண்டது. சென்டர்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு காலை, திருத்திய முதல் நாற்காலியை மாட்டியதும் நான் அதில் உட்கார்ந்தேன். சாந்தியைக் கூப்பிட்டு, ஊசி ஏற்றும்போது நோயாளியின் கையை எப்படி வைப்பாளோ அப்படியே என் கையை வைக்கச் சொன்னேன். அவள் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, முழங்கையை நேராக்கி வைத்தாள்.

"எவ்ளோ நேரம் உக்காரப் போறீங்க?" என்று குணா கேட்டான்.

"நாலு மணி நேரம்."

"அப்ப வேலைய யாரு பாக்குறது?"

"இதுவும் வேலைதான். நீ மாட்டு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த நாற்காலிக்குப் போனான். நான் கையை அசைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அரைமணி நேரத்தில் எங்கே உறுத்தும், எங்கே உறுத்தும் என்று காத்திருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. குணா தோளைத் தட்டியபோது மதியம் தாண்டியிருந்தது. நன்றாகத் தூங்கிப்போயிருக்கிறேன். முன்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

மெஷின் வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மோட்டார் தகட்டைப் படியுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நீங்கள் தைக்கப்போகும் சாமானைக் கொண்டுபோய் அதிலேயே தைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, முதலில் தைத்து முடித்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். தூக்கம் வந்தால் அடுத்ததைத் தைக்கலாம்.